ஆர்ஜினேஸ் பக்கத்திலேயே இருக்க, ஆர்ஜினின் எப்படி மிஞ்சுகிறது?

கேள்வி இதுதான்: "சர்க்கரை, அம்மோனியம் சல்ஃபேட், சில உப்புகள், வைட்டமின்கள் கொடுத்தால் போதும், ஈஸ்ட் எல்லா அமினோ அமிலங்களையும் தானே செய்துகொள்ளும் என்று படித்தேன். அதே ஊடகத்தில் ஆர்ஜினினைச் சேர்த்தால் அதையும் உறிஞ்சிக்கொள்கிறது. தானே செய்யக்கூடியதை வெளியிலிருந்து ஏன் எடுக்கிறது? எடுத்ததை எங்கே வைக்கிறது? ஆர்ஜினினைச் சிதைக்கும் ஆர்ஜினேஸ் நொதி செல்லுக்குள்ளேயே இருக்கும்போது, அது அழியாமல் எப்படி மிஞ்சுகிறது?"

மூன்றாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டும் அதைத் தொட்டுக்கொண்டே வரும். ஆர்ஜினேஸ் சைட்டோசாலில், அதாவது செல்லின் உள்திரவத்தில், இருக்கிறது. ஆர்ஜினினின் பெரும் பகுதி, 90 சதவீதமோ அதற்கும் மேலோ, வாக்குவோல் என்ற, செல்லுக்குள் உள்ள தனிப் பைக்குள் இருக்கிறது. நடுவே ஒரு சவ்வு. செல்களைக் கொதிநீரில் போட்டுச் சாறெடுத்து, "ஈஸ்ட்டுக்குள் இவ்வளவு ஆர்ஜினின்" என்று ஒரே எண்ணாகச் சொல்லும் பழக்கம் இந்தச் சவ்வை மறைத்துவிடுகிறது. அந்த எண் இரண்டு தனித்தனிக் கணக்குகளின் கூட்டுத்தொகை. இரண்டும் வெவ்வேறு விதிகளின்படி ஏறி இறங்குகின்றன. ஈஸ்ட்டின் அமினோ அமில விவகாரத்தில் மாணவர்களுக்கு வரும் குழப்பங்களில் பாதி இந்தக் கூட்டலிலிருந்து பிறப்பவை என்பது என் எண்ணம்.

நான் பேசுவது ரொட்டிக்கும் பீருக்கும் ஒயினுக்கும் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே பற்றி. வேறு பூஞ்சைகள் தேவைப்படும் இடத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

வெளிச்சவ்விலிருந்து தொடங்கலாம். அமினோ அமிலங்கள் மின்னூட்டம் தாங்கியவை; கொழுப்பாலான பிளாஸ்மா சவ்வைத் தாமாகக் கடக்க முடியாது. பெர்மியேஸ் எனப்படும் சவ்வுப் புரதங்கள்தான் அவற்றை உள்ளே கொண்டுவருகின்றன. ஈஸ்ட்டில் இப்படி இருபதையொட்டிய எண்ணிக்கையில் பெர்மியேஸ்கள் உண்டு. பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; அவற்றின் புரதச் சங்கிலி சவ்வைப் 12 முறை குறுக்கே கடந்து செல்கிறது.

இந்த உறிஞ்சுதலுக்குப் பெர்மியேஸ் நேரடியாகச் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவிடுவதில்லை. செலவு வேறோர் இடத்தில் நடக்கிறது. பி.எம்.ஏ.1 என்ற புரோட்டான் பம்பு ஏ.டி.பி.யைச் செலவிட்டு இடைவிடாமல் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அதனால் வெளிப்புறம் அமிலத்தன்மையுடனும், உட்புறம் நடுநிலைக்கு அருகிலும், எதிர்மின் அழுத்தத்துடனும் இருக்கின்றன. வெளியே தள்ளப்பட்ட புரோட்டான் உள்ளே திரும்ப முனைகிறது. பெர்மியேஸ் அதை அனுமதிக்கும், ஆனால் கூடவே ஓர் அமினோ அமிலத்தையும் கொண்டுவந்தால்தான். மான்செஸ்டரில் எடி என்ற உயிர்வேதியியலாளர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிளைசின் உள்ளே போகும்போது கூடவே புரோட்டான்கள் நுழைவதை அளந்து காட்டினார். பயணிக்கும் அமினோ அமிலம் ஆர்ஜினினாக இருந்தால் இன்னொரு சாதகமும் உண்டு: அது நேர்மின்னூட்டம் கொண்டது என்பதால் உட்புறத்தின் எதிர்மின் அழுத்தமும் சேர்ந்து இழுக்கிறது.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. வெளியே இருப்பதைப்போல நூறு மடங்கு, சில அமிலங்களுக்கு ஆயிரம் மடங்கு செறிவு வரை உள்ளே சேர்ந்துவிடும். சேர்ந்தது வந்த வழியே திரும்புவதும் நடைமுறையில் இல்லை. கதிரியக்கக் கார்பன் கொண்ட அமினோ அமிலத்தை ஏற்றிவிட்டு, பிறகு சாதாரண அமினோ அமிலத்தை வெளியே எவ்வளவு கொட்டினாலும், ஏறியது கழன்று வெளியே வருவதில்லை. பாக்டீரியாவில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். உங்கள் சோதனைக்கும் இதில் ஒரு குறிப்பு இருக்கிறது: செல்களைக் கழுவி, குளுக்கோஸ் இல்லாத நீரில் வைத்து ஆர்ஜினின் கொடுத்தால் உறிஞ்சுதல் மிகக் குறைவாகவே தெரியும். குளுக்கோஸ் நின்றால் பி.எம்.ஏ.1 மந்தமாகிவிடும், பம்பு மந்தமானால் பெர்மியேஸும் கைவிட்டுவிடும்.

இனிப் பெர்மியேஸ்களின் வகை. இதை முதலில் பிரித்தறிந்தவர் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் பணியாற்றிய மார்செல் கிரென்சன். 1966இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஆர்ஜினினுக்கென்றே தனியான ஒரு பெர்மியேஸ் இருப்பதை நிறுவினார்கள். 1970இல் எல்லா அமினோ அமிலங்களையும் ஏற்கும் பொதுப் பெர்மியேஸ் ஒன்றையும் அடையாளம் கண்டார்கள். முதலாவது இன்று கேன்1, இரண்டாவது கேப்1.

கேன்1 என்ற பெயர் கனவனின் என்ற நஞ்சிலிருந்து வந்தது. நம் தோட்டங்களில் படரும் வாளவரையின் இனத்தைச் சேர்ந்த ஜாக் பீன் விதையில் அது நிறைய இருக்கிறது. கனவனின் தோற்றத்தில் ஆர்ஜினினைப் போலவே இருக்கும்; பெர்மியேஸும் ஏமாறும், புரதம் செய்யும் இயந்திரமும் ஏமாறும். ஆர்ஜினின் உட்கார வேண்டிய இடத்தில் கனவனின் உட்கார்ந்த புரதங்கள் சரியாக மடங்காமல் செல் சாகும். கனவனின் கலந்த தட்டில் கோடிக்கணக்கான ஈஸ்ட் செல்களைப் பரப்பினால் ஏறக்குறைய எல்லாமே செத்துவிடும். சில மட்டும் கூட்டமாக வளரும். அவற்றில் கேன்1 மரபணு சடுதிமாற்றத்தால் கெட்டுப்போயிருக்கும். வாசல் இல்லாததால் நஞ்சு நுழையவில்லை. சடுதிமாற்றம் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்று அளக்க ஈஸ்ட் ஆய்வகங்கள் இன்றும் கையாளும் எளிய முறை இது.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. இதே சோதனையை அம்மோனியத்துக்குப் பதிலாகப் புரோலின் மட்டுமே நைட்ரஜன் மூலமாக உள்ள தட்டில் செய்தால், கேன்1 இல்லாத செல்களும் சாகும். புரோலின் தரம் குறைந்த நைட்ரஜன் மூலம். அது மட்டும் கிடைக்கும்போது கேப்1 திறந்துகொள்கிறது. கனவனின் அதன் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. நல்ல நைட்ரஜன் இருக்கும்போது கேப்1 மூடப்படுகிறது. கேன்1 தொடர்ந்து திறந்திருக்கிறது. உங்கள் முதல் கேள்வியின் பாதி விடை இங்கே இருக்கிறது. அம்மோனியம் தாராளமாக இருந்தாலும் ஆர்ஜினினுக்கான தனி வாசலை ஈஸ்ட் அடைப்பதில்லை. அடைப்பது பொது வாசலைத்தான்.

இந்த இரட்டைப் போக்குக்குக் காரணம், இரண்டு வகைப் பெர்மியேஸ்களின் வேலையும் வேறு என்பது. கேன்1, லைசினுக்கான லிப்1, ஹிஸ்டிடினுக்கான ஹிப்1, டிரிப்டோஃபேனை எடுக்கும் டாட்2, மெத்தியோனினுக்கான மப்1 போன்றவை புரதம் கட்டுவதற்கான கல்லைக் கல்லாகவே எடுத்துவருகின்றன. கேப்1, புரோலினுக்கான புட்4 ஆகியவை நைட்ரஜனுக்காக எதையும் பொறுக்கி வருகின்றன. அவை கொண்டுவருவதை உடைத்து நைட்ரஜனைப் பிரித்துக்கொள்வதே நோக்கம். குளுட்டமின், அஸ்பரஜின், அம்மோனியம் ஆகியவை கிடைக்கும்போது பொறுக்கத் தேவையில்லை. அப்போது யூரீ2 என்ற புரதம் ஜி.எல்.என்.3 என்ற மரபணுத் தூண்டியைச் சைட்டோசாலிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. கேப்1, புட்4 மரபணுக்கள் அமைதியாகிவிடுகின்றன. நைட்ரஜன் வறண்டதும் ஜி.எல்.என்.3 விடுபட்டு உட்கருவுக்குள் நுழைகிறது.

ஏற்கெனவே சவ்வில் அமர்ந்திருக்கும் கேப்1 என்னாகும்? அதையும் ஈஸ்ட் விட்டுவைப்பதில்லை. ஆர்.எஸ்.பி.5 என்ற நொதி அதன்மீது யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டுகிறது. முத்திரை குத்தப்பட்ட பெர்மியேஸைச் சவ்வு உள்வாங்கி, வாக்குவோலுக்கு அனுப்புகிறது. அங்கே அது செரிக்கப்படுகிறது. நல்ல நைட்ரஜன் வந்த சிறிது நேரத்திலேயே இது நடந்துவிடும். இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்கலாம். எம்.ஐ.டி.யில் கிறிஸ் கைசரின் குழு, இப்படி அகற்ற முடியாதபடி மாற்றப்பட்ட கேப்1 கொண்ட செல்களை ஆராய்ந்தது. சாதாரண ஈஸ்ட் பொருட்படுத்தாத அளவு அமினோ அமிலமே அந்தச் செல்களுக்கு நஞ்சாகிவிட்டது. ஒரே அமினோ அமிலம் அளவுக்கு மீறி உள்ளே குவிவது ஈஸ்ட்டுக்கு உண்மையான ஆபத்து. வாக்குவோல் பகுதிக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே அமினோ அமிலம் இருப்பதை ஈஸ்ட் எப்படி உணர்கிறது என்பதும் அழகான கதை. 1998, 1999 ஆண்டுகளில் கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், பிரஸ்ஸல்ஸ் ஆய்வகங்கள் எஸ்.எஸ்.ஒய்.1 என்ற புரதத்தைப் பற்றி ஒன்றையொட்டி எழுதின. வடிவத்தில் அது பெர்மியேஸ்தான். ஆனால் எதையும் உள்ளே கொண்டுவருவதில்லை. அமினோ அமிலம் வந்து பொருந்தியதும் உள்ளே செய்தி சொல்கிறது. பி.டி.ஆர்.3, எஸ்.எஸ்.ஒய்.5 என்ற இரண்டு கூட்டாளிகள் அந்தச் செய்தியை வாங்கி, எஸ்.டி.பி.1, எஸ்.டி.பி.2 என்ற புரதங்களின் முனையை வெட்டிவிடுகின்றன. முனை வெட்டப்பட்டதும் அவை உட்கருவுக்குள் சென்று லியூசின், ஐசோலியூசின், வேலின் போன்றவற்றுக்கான பெர்மியேஸ் மரபணுக்களை எழுப்புகின்றன. வேலையை விட்டுவிட்டு உளவாளியாக மாறிய ஒரு பழைய பெர்மியேஸ் என்று பரிணாம நோக்கில் இதைப் பார்க்கலாம்.

சரி, தானே செய்யத் தெரிந்ததை ஏன் எடுக்க வேண்டும்? செலவு ஒரு காரணம். ஆர்ஜினினைக் குளுட்டமேட்டிலிருந்து கட்டுவதற்கு எட்டு ஒன்பது படிகள், வழியில் ஏ.டி.பி.யும், கார்பமாயில் பாஸ்பேட்டும், ஆஸ்பார்ட்டேட்டும் செலவாகின்றன. வெளியிலிருந்து வந்தால் கிட்டத்தட்ட ஒரு புரோட்டானின் விலை. எனவே ஆர்ஜினின் உள்ளே வந்ததும் ஈஸ்ட் தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது: பாதையின் தொடக்கத்திலுள்ள நொதி தடுக்கப்படுகிறது, மரபணுக்களும் தணிகின்றன.

இன்னொரு காரணம் ஈஸ்ட் வாழும் இடம். நாம் ஊடகத்தை அளவாகக் கலந்து தருகிறோம். வெடித்த திராட்சையில் அப்படி யாரும் தருவதில்லை. அங்கே சர்க்கரை கடல்போல இருக்கும், நைட்ரஜன் சொற்பம். திராட்சைச் சாற்றில் அதிகம் இருக்கும் அமினோ அமிலங்கள் ஆர்ஜினினும் புரோலினும். புரோலினை உடைக்க ஆக்சிஜன் வேண்டும். நொதித்தல் தொடங்கிய சாற்றில் அது இருக்காது. ஆகவே ஒயின் தயாரிப்பாளர்கள் ஈஸ்ட்டுக்குப் பயன்படும் நைட்ரஜனைக் கணக்கிடும்போது புரோலினைச் சேர்ப்பதே இல்லை. அந்தக் கணக்கில் லிட்டருக்கு சுமார் 140 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நொதித்தல் இழுபறியாகிவிடும், அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும் எழலாம் என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி. இப்படிப்பட்ட இடத்தில் முதல் சில மணி நேரத்தில் யார் அள்ளுகிறார்களோ அவர்களுக்குத்தான் நைட்ரஜன். பக்கத்துச் செல்லும், காட்டு ஈஸ்ட்டுகளும், பாக்டீரியாவும் போட்டிக்கு நிற்கின்றன.

பீர் தயாரிப்பில் இந்த அள்ளும் வரிசையையே பார்க்கலாம். மால்ட் சாற்றில் எந்த அமினோ அமிலம் எப்போது மறைகிறது என்பதை 1964இல் ஜோன்ஸ், பியர்ஸ் என்ற இருவர் நான்கு குழுக்களாக வகுத்தார்கள். ஆர்ஜினின், லைசின், குளுட்டமேட், ஆஸ்பார்ட்டேட், செரின் போன்றவை முதலில் காணாமல்போகும். லியூசின், வேலின், மெத்தியோனின் கூட்டம் பிறகு. கிளைசின், அலனின், டைரோசின் வகையறா அதற்கும் பிறகு. புரோலின் பெரும்பாலும் பீரிலேயே தங்கிவிடும். மேலே சொன்ன பெர்மியேஸ்களின் திறப்பும் மூடலும்தான் இந்த வரிசை.

இனி வாக்குவோல். ஒளி நுண்ணோக்கியில் ஈஸ்ட் செல்லைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவதே அந்தப் பெரிய உருண்டைதான். செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை எட்டும். அதைச் செரிமானப் பை, கழிவுத் தொட்டி என்று மட்டும் சொல்லிவிட்டு நகரும் பாடங்கள் எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும். 1970களின் தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்தின் ஆண்ட்ரெஸ் வீம்கென், ஈஸ்ட்டின் செல்சுவரைக் கரைத்து, வாக்குவோல் உடையாமல் பிரித்தெடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஆர்ஜினின், லைசின், ஹிஸ்டிடின், ஆர்னிதின் ஆகிய கார அமினோ அமிலங்கள் பெரும்பாலும் உள்ளே இருந்தன. குளுட்டமேட்டும் ஆஸ்பார்ட்டேட்டும் பெரும்பாலும் சைட்டோசாலில். செல்லின் அன்றாட வளர்சிதை மாற்றம் குளுட்டமேட்டைச் சுற்றிச் சுழல்வதால் அது எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. வீம்கென்னுடன் 1973இல் கேண்டிடா யுடிலிஸ் என்ற ஈஸ்ட்டின் அமினோ அமில இருப்புகள் பற்றிக் கட்டுரை எழுதியவர் பால் நர்ஸ். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே அதுதான். பிறகு அவர் செல் பிரிதலுக்குப் போய் 2001இல் நோபல் பரிசு பெற்றார். டோக்கியோவில் இதே வாக்குவோலில் அமினோ அமிலம் நுழைவதை 1981இல் விளக்கிய யோஷினோரி ஓசுமி, அதே வாக்குவோலை நுண்ணோக்கியில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, செல் தன் பகுதிகளைத் தானே செரிக்கும் தன்னுண்ணலைக் கண்டு 2016இல் நோபல் பரிசு பெற்றார். யாரும் சீந்தாத துறை என்று இதை நினைப்பவர்களிடம் நான் சொல்வது இந்த இரண்டு பெயர்களைத்தான்.

ஓசுமியும் யசுஹிரோ அன்ராகுவும் செய்தது இது. வாக்குவோல் சவ்வைத் தனியே எடுத்துச் சிறு குமிழிகளாக்கி, ஏ.டி.பி. கொடுத்தார்கள். அந்தச் சவ்வில் தனியான ஒரு புரோட்டான் பம்பு, வி-ஏ.டி.பி.யேஸ், இருக்கிறது, அது சைட்டோசாலிலிருந்து புரோட்டான்களை வாக்குவோலுக்குள் தள்ளுகிறது. உள்ளே அமிலத்தன்மை பி.எச். 6ஐ ஒட்டி வருகிறது. இப்போது புரோட்டான் சைட்டோசாலுக்குத் திரும்ப முனையும். இங்கே உள்ள கடத்திகள் வெளிச்சவ்வுப் பெர்மியேஸ்களுக்கு நேர் எதிராக வேலை செய்கின்றன: ஒரு புரோட்டானை வெளியே விட்டு, பதிலுக்கு ஓர் அமினோ அமிலத்தை உள்ளே இழுக்கின்றன. ஆக, ஊடகத்திலிருந்து வாக்குவோல் வரை ஓர் ஆர்ஜினின் மூலக்கூறு இரண்டு புரோட்டான் சரிவுகளைப் பயன்படுத்திப் பயணிக்கிறது. முதல் சவ்வில் புரோட்டான் அதனுடன் சேர்ந்து வருகிறது, இரண்டாம் சவ்வில் எதிரே போகிறது.

இந்தக் கடத்திகளின் மரபணுக்கள் பின்னாளில்தான் தெரிந்தன. நடுநிலை அமினோ அமிலங்களை உள்ளே ஏற்றும் ஏ.வி.டி.1, வெளியேற்றும் ஏ.வி.டி.3, ஏ.வி.டி.4 ஆகியவை 2001இல். கார அமினோ அமிலங்களுக்கான வி.பி.ஏ. குடும்பம் 2005இல். லைசினைக் கடத்தும் ஒய்.பி.க்யூ.1 சுவாரசியமானது: ஊடகத்தில் லைசின் தீர்ந்ததும் அதன்மீது யூபிக்விட்டின் ஒட்டப்பட்டு, அது வாக்குவோலுக்குள்ளேயே விழுங்கப்பட்டு அழிகிறது. வெளிவாசலில் கேப்1க்கு நடப்பதே உள்வாசலிலும் நடக்கிறது, அதே ஆர்.எஸ்.பி.5 நொதியின் கையால். தட்டுப்பாடான காலத்தில் சேமிப்புக்கு அனுப்பும் வாசலைத் திறந்து வைப்பது முட்டாள்தனம் என்பதை ஈஸ்ட் அறிந்திருக்கிறது.

உள்ளே போன ஆர்ஜினின் தனியாகவும் இருப்பதில்லை. வாக்குவோலில் பாலிபாஸ்பேட் என்ற நீண்ட பாஸ்பேட் சங்கிலிகள் நிறைய இருக்கின்றன. அவை எதிர்மின்னூட்டம் கொண்டவை. நேர்மின்னூட்டமுள்ள ஆர்ஜினின் அவற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவு ஆர்ஜினின் கரைசலாக மட்டுமே இருந்திருந்தால் சவ்வூடு அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். ஆர்ஜினினை வாக்குவோலில் பிடித்துவைப்பதே பாலிபாஸ்பேட்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்: நியூரோஸ்போரா என்ற ரொட்டிப் பூஞ்சையில் பாலிபாஸ்பேட்டை வற்றச் செய்த பிறகும் ஆர்ஜினின் வாக்குவோலில்தான் இருந்தது.

நியூரோஸ்போராவைச் சொன்னதால் உங்கள் மூன்றாவது கேள்விக்குத் திரும்புகிறேன். அதே கேள்வியை ரோலண்ட் டேவிஸும் ரிச்சர்ட் வைஸும் 1970களில் அந்தப் பூஞ்சையிடம் கேட்டார்கள். அங்கும் ஆர்ஜினேஸ் இருந்தது, ஆர்ஜினினும் மிகுதியாக இருந்தது, ஆனால் சிதைவு நடக்கவில்லை. அவர்கள் கண்ட விடை: கிட்டத்தட்ட முழு ஆர்ஜினினும் வாக்குவோலில் அடைபட்டிருக்கிறது, சைட்டோசாலில் இருக்கும் துளி ஆர்ஜினின், ஆர்ஜினேஸ் சுறுசுறுப்பாக இயங்கப் போதுமானதில்லை. வெளியிலிருந்து ஆர்ஜினினைக் கொட்டும்போது சைட்டோசாலின் அளவு ஏறுகிறது. அப்போது சிதைவு தொடங்குகிறது. ஈஸ்ட்டிலும் அடிப்படை இதேதான். கூடவே ஈஸ்ட்டுக்கு இன்னொரு காவலும் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் ழான்-மாரி வியாம் குழு கண்டது: ஆர்ஜினினும் ஆர்னிதினும் மிகும்போது ஆர்ஜினேஸ், ஆர்ஜினினைக் கட்டும் பாதையிலுள்ள ஆர்னிதின் கார்பமாயில் டிரான்ஸ்ஃபரேஸ் நொதியுடன் போய் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்துகிறது. இல்லாவிட்டால் ஒரு பக்கம் சிதைப்பதும் மறுபக்கம் கட்டுவதுமாக ஏ.டி.பி. வீணாகிக்கொண்டே இருக்கும்.

ஏன் ஆர்ஜினின்? இத்தனை அமிலங்களில் அதைத் தேர்ந்தெடுத்து ஏன் குவிக்க வேண்டும்? ஒரு மூலக்கூறில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் இருப்பதால்தான். நம் வீடுகளில் நகை வாங்குவது அணிவதற்காக மட்டும் இல்லை, முடை வந்தால் அடகு வைக்கவும்தான். ஈஸ்ட்டுக்கு ஆர்ஜினின் அப்படிப்பட்டது. நைட்ரஜன் தீர்ந்ததும் வாக்குவோல் ஆர்ஜினின் சைட்டோசாலுக்கு வெளியேறுகிறது. ஆர்ஜினேஸ் அதை ஆர்னிதினாகவும் யூரியாவாகவும் உடைக்கிறது. யூரியாவிலிருந்து அம்மோனியா கிடைக்கிறது. ஈஸ்ட்டிடம் யூரியேஸ் இல்லை என்பதால் இந்தக் கடைசிப் படிக்கு யூரியா அமிடோலையேஸ் என்ற, பயோட்டின் தேவைப்படும் வேறொரு நொதியைப் பயன்படுத்துகிறது.

கட்சுஹிகோ கிடமோட்டோ, ஓசுமி, அன்ராகு ஆகியோர் 1988இல் வெளியிட்ட அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின: நைட்ரஜன் பட்டினியில் வாக்குவோல் இருப்பு வடிகிறது, சைட்டோசால் இருப்பு தன் நிலையைக் காத்துக்கொள்ள முயல்கிறது. ஒரே எண்ணாகக் கூட்டினால் "செல்லில் ஆர்ஜினின் குறைந்தது" என்று மட்டும் தெரியும். எது குறைந்தது, எது காக்கப்பட்டது என்பது தெரியாது. கிடமோட்டோவுக்கு இது நடைமுறைக்கும் உதவியது. நொதித்தலில் வெளியேறும் யூரியா, ஆல்கஹாலுடன் வினைபுரிந்து எத்தில் கார்பமேட் என்ற புற்றுநோய் அபாயமுள்ள பொருளாகிறது. 1991இல் அவர், ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேக்குப் பயன்படும் ஈஸ்ட்டில் ஆர்ஜினேஸ் மரபணுவை நீக்கி, யூரியா உண்டாக்காத வகையை உருவாக்கினார்.

பட்டினி நீண்டால் சேமித்த ஆர்ஜினின் போதாது. அப்போது ஈஸ்ட் தன் சைட்டோபிளாசத்தையே பொட்டலமாகக் கட்டி வாக்குவோலுக்குள் அனுப்பிச் செரிக்கிறது; பழைய புரதங்களிலிருந்து அமினோ அமிலங்கள் மீள்கின்றன. இந்தத் தன்னுண்ணல் வழி இல்லாத சடுதிமாற்ற வகைகளில் பட்டினியின்போது அமினோ அமில அளவு சரிந்து, தேவையான புதிய புரதங்களைச் செய்ய முடியாமல் போவதை ஓசுமியின் குழு 2005இல் காட்டியது. சேமிப்பும் செரிமானமும் ஒரே அறையில் நடப்பது தற்செயல் இல்லை: இரண்டிலிருந்தும் வெளிவரும் சரக்கு ஒன்றே, வாசல்களும் பெரும்பாலும் ஒன்றே.

சேமிப்பு தவிர வாக்குவோலுக்கு இன்னொரு வேலை உண்டு. நான் அதைச் சேமிப்புக்கு நிகராகவே வைப்பேன். கேப்1 பற்றிச் சொன்னதை நினைவுகொள்ளுங்கள். அளவு மீறிய அமினோ அமிலம் சைட்டோசாலில் தங்கினால் கேடு. வாக்குவோல் சரியாக உருவாகாத சடுதிமாற்ற வகைகளில் லைசின், ஆர்ஜினின் இருப்பு சுருங்கிவிடுகிறது; சாதாரண ஈஸ்ட் தாங்கும் லைசின் அளவே அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. வயதான செல்களிலும் இது வெளிப்படுகிறது. ஆடம் ஹியூஸும் டேனியல் காட்ஷ்லிங்கும் 2012இல் காட்டியது: தாய்ச் செல் முதிரும்போது வாக்குவோலின் அமிலத்தன்மை வெகு சீக்கிரமே குறைகிறது, அதைத் தொடர்ந்து மைட்டோகாண்ட்ரியா சீர்குலைகிறது. அமிலத்தன்மை குறைந்தால் புரோட்டான் சரிவு குறையும். சரிவு குறைந்தால் அமினோ அமிலங்களை உள்ளே இழுக்க வலு இருக்காது. 2020இல் ஹியூஸின் குழு முக்கியக் குற்றவாளியையும் அடையாளம் காட்டியது: சைட்டோசாலில் தேங்கும் சிஸ்டீன். அது செல்லின் இரும்புப் பயன்பாட்டைக் குலைத்து மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிக்கிறது.

மனித செல்லில் லைசோசோம் என்ற செரிமானப் பை இதே இடத்தைப் பிடித்திருக்கிறது. சிஸ்டினை (இரண்டு சிஸ்டீன் இணைந்தது) லைசோசோமிலிருந்து வெளியேற்றும் புரதம் கெட்டுப்போனால் குழந்தைகளுக்குச் சிஸ்டினோசிஸ் என்ற நோய் வருகிறது. அந்தப் புரதத்துக்கு ஈஸ்ட்டில் இ.ஆர்.எஸ்.1 என்ற உறவுப் புரதம் உண்டு. செல் வளரலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் டார் புரதத் தொகுதி ஈஸ்ட்டில் வாக்குவோல் சவ்விலும், நம் செல்களில் லைசோசோம் சவ்விலும் அமர்ந்திருக்கிறது. இருப்பறையின் வாசலிலேயே உட்கார்ந்து முடிவெடுக்கிறது என்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

உங்கள் ஆய்வகத்தில் இதைச் செய்துபார்க்க விரும்பினால் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஓசுமி, கிடமோட்டோ ஆகியோரின் செப்பு முறையைப் பின்பற்றுங்கள். சார்பிட்டால் கலந்த தாங்கல் கரைசலில் செல்களை வைத்து 0.2 மில்லிமோலார் செப்புக் குளோரைடு சேர்த்தால் பிளாஸ்மா சவ்வு ஓட்டையாகிச் சைட்டோசால் அமினோ அமிலங்கள் வெளியே கசியும். வாக்குவோல் சவ்வு தாங்கிக்கொள்ளும். வடிகட்டினால் வடிநீரில் கிடைப்பது சைட்டோசால் இருப்பு. மீந்த செல்களைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் வாக்குவோல் இருப்பு. சார்பிட்டாலை விட்டுவிட்டால் வாக்குவோலும் வெடித்து இரண்டும் கலந்துவிடும்.

ஈஸ்ட் வகையைத் தேர்வதில் கவனம் வேண்டும். கிரென்சன் பயன்படுத்திய சிக்மா 1278பி வகையில் அம்மோனியம் கேப்1ஐ நன்றாக அடக்கும்; பெரும்பாலான ஆய்வகங்களில் இருக்கும் எஸ்288சி வழிவந்த வகைகளில் அந்தப் பிடி தளர்வு. அம்மோனியம் இருந்தும் உறிஞ்சுதல் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பி.ஒய்.4741 போன்ற வகைகள் லியூசின், ஹிஸ்டிடின், மெத்தியோனின் ஆகியவற்றைத் தாமே செய்ய முடியாதவை. அவற்றை ஊடகத்தில் சேர்த்தாக வேண்டும், சேர்த்தால் எஸ்.எஸ்.ஒய்.1 விழித்துக்கொள்ளும், உங்கள் கணக்கு சிக்கலாகும். மரபணு நீக்கத் தொகுப்பு கையில் இருந்தால் ஆர்ஜினேஸ் மரபணுவான கார்1 நீக்கப்பட்ட வகையையும் பக்கத்தில் ஓட்டுங்கள். இரண்டையும் நைட்ரஜன் இல்லாத ஊடகத்துக்கு மாற்றி, மணிக்கொரு மாதிரி எடுத்து, இரண்டு இருப்புகளையும் தனித்தனியே வரைபடமாக்குங்கள். வாக்குவோலிலிருந்து ஆர்ஜினின் வெளியேறுவதும் சைட்டோசாலில் அது சிதைவதும் தனித்தனி நிகழ்வுகளா, ஒன்று மற்றொன்றை இழுக்கிறதா என்பதை அந்தக் கோடுகள் சொல்லும்.